மூன்று மீட்டருக்குள்

ஆறு மீட்டர் கோட்டுக்கும் ஒன்பது மீட்டர் கோட்டுக்கும் நடுவில் இருப்பது மூன்று மீட்டர். நாற்பது மீட்டர் நீளமும் இருபது மீட்டர் அகலமும் உள்ள ஹேண்ட்பால் களத்தில் அது ஒரு சின்னப் பட்டை. தடுப்பில் நிற்கும் பெண்ணுக்கு ஆட்டத்தின் பெரும்பகுதி அந்தப் பட்டைக்குள்தான் நடக்கிறது. எதிரணியின் பேக் (பின்வரிசையிலிருந்து எறிபவள்) பந்தோடு வந்தால் கோட்டை விட்டு முன்னேறி மறிக்க வேண்டும். பந்து கைமாறிய உடனே பின்வாங்கி, பக்கவாட்டில் நகர்ந்து, பிவட் (கோட்டோரம் நிற்கும் எதிரணி ஆட்டக்காரி) நுழையப் பார்க்கும் இடைவெளியை அடைக்க வேண்டும். முன்னே இரண்டு மூன்று எட்டு, சாய்வாகப் பின்னே இரண்டு எட்டு, பக்கத்தில் ஓரெட்டு. வேகம் பிடிப்பதற்குள் நிறுத்தியாக வேண்டும். பாதிக்கு முப்பது நிமிடம் என்று இரண்டு பாதியும் இதையே செய்ய வேண்டும்.

நான் பயிற்சி தரும் பள்ளிப் பெண்களின் இந்தத் திரும்பும் திறனை எந்த டெஸ்ட் வைத்து அளப்பது என்பதைப் பற்றித்தான் இந்த நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

*

டி-டெஸ்ட்டை எல்லாரும் வைக்கிறார்கள். நான்கு கோன், அளவு நாடா, விசில், ஸ்டாப்வாட்ச் இருந்தால் போதும். நேராக 9.14 மீட்டர் ஓடி நடுக்கோனைத் தொட வேண்டும். அங்கிருந்து இடப்பக்கம் 4.57 மீட்டர் பக்கவாட்டு நகர்வு. பிறகு வலக்கோடி வரை 9.14, திரும்ப நடுவுக்கு 4.57, கடைசியில் முகம் திருப்பாமல் பின்னோக்கியே 9.14. மொத்தம் 36.56 மீட்டர். பத்து கெஜம், ஐந்து கெஜம் என்று போடப்பட்ட அளவு என்பதால் மீட்டரில் இப்படிப் பின்னமாக வருகிறது. கால் குறுக்கே போடக்கூடாது, மார்பு முன்னே பார்த்தபடி இருக்க வேண்டும்.

நல்ல டெஸ்ட்தான். ஆனால் ஹேண்ட்பாலில் யார் ஒன்பது மீட்டர் பின்னோக்கி ஓடுகிறார்கள்? பந்தை இழந்தால் சட்டென்று திரும்பி, முழு ஓட்டமாகத் தன் கோலுக்கு வருவார்கள். பின்னோக்கிப் போவதெல்லாம் அந்த மூன்று மீட்டருக்குள் மட்டும். டி-டெஸ்ட்டில் கடைசி ஒன்பது மீட்டரில் நேரம் விடுகிற பெண்ணைத் தடுப்பில் பலவீனம் என்று எழுதிவிட்டால், ஆட்டம் கேட்காத ஒன்றுக்காக அவளைக் குறை சொல்வதாகும்.

2009-இல் சாஸியும் உடன் ஆய்வு செய்தவர்களும் இதைச் சுருக்கிக் காட்டினார்கள். நேர் ஓட்டம் 5 மீட்டர், பக்கவாட்டில் இரண்டரை, மொத்தம் 20 மீட்டர். துனீசியாவில் ஹேண்ட்பால் பெரிய ஆட்டம். அங்கே சௌஹைல் ஹெர்மாசி போன்றவர்கள் ஹேண்ட்பால் வீரர்களிடம் இந்தப் பாதி டி-யை வைத்திருக்கிறார்கள். எனக்கும் இதுவே பொருத்தமாகத் தெரிகிறது. தூரம் குறையக் குறைய, ஓட்ட வேகத்தின் பங்கு குறைந்து, நிறுத்தித் திரும்புவதன் பங்கு கூடுகிறது.

இல்லினாய்ஸ் டெஸ்ட் பற்றி நிறைய எழுத வேண்டியதில்லை. குப்புறப் படுத்து எழுந்து, பத்து மீட்டர் நீளத்தில் கோன்களுக்குள் வளைந்து வளைந்து பதினாறு, பதினேழு நொடி ஓடுவது. ஹேண்ட்பாலில் ஒரு முயற்சி இரண்டு மூன்று நொடியில் முடிந்துவிடுகிறது. அவ்வளவு நேரம் நிற்காமல் வளைவது வேறொரு திறமை.

*

அடுத்தது 505 டெஸ்ட். பத்து மீட்டர் ஓடி வந்து ஒரு கோட்டைக் கடக்க வேண்டும், அங்கே கடிகாரம் தொடங்கும். இன்னும் ஐந்து மீட்டர் போய், ஒற்றைக் காலை ஊன்றி முழுக்கத் திரும்பி, அதே ஐந்து மீட்டரைத் திரும்ப ஓடிக் கோட்டைக் கடந்தால் கடிகாரம் நிற்கும். டிரேப்பரும் லங்காஸ்டரும் 1985-இல் ஆஸ்திரேலியாவில் வெளியிட்டது. ஒரு ரன் முடித்து இரண்டாவது ரன்னுக்குத் திரும்பும் கிரிக்கெட் ஆட்டக்காரரைப் பார்த்தவர்களுக்கு இந்தத் திருப்பம் பழக்கமானது.

இதில் எனக்குப் பிடித்தது, இடது கால், வலது கால் என்று தனித்தனியாகப் பார்க்க முடிவது. வலது கையால் எறிகிற பெண்கள் பெரும்பாலும் இடது காலில் எம்பி எறிகிறார்கள். ஒரே காலில் எம்பி, ஒரே பக்கம் ஃபெயின்ட் (போலி நகர்வு) செய்து பழகிய உடம்பு மறுபக்கம் தயங்கும். மொத்த நேரத்தில் அந்தத் தயக்கம் தெரியாது. இரண்டு காலையும் தனியாக எழுதும்போது தெரிகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. சோஃபியா நிம்ஃபியஸும் மற்றவர்களும் 2016-இல் முன்வைத்தது. 505 நேரத்திலிருந்து பத்து மீட்டர் நேர் ஓட்ட நேரத்தைக் கழித்தால், திரும்புவதற்கென்று உடம்பு கொடுத்த விலை கிடைக்கிறது. ஒரு பெண் பத்து மீட்டரை 1.90 நொடியில் ஓடி, 505-ஐ 2.50-இல் முடிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.60. இன்னொருத்தி பத்து மீட்டருக்கு 2.05, 505-க்கு 2.55. வித்தியாசம் 0.50. பட்டியலில் முதல் பெண் மேலே இருப்பாள். திருப்பத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் இரண்டாமவள் குறைந்த செலவில் திரும்புகிறாள். அவளுக்கு ஓட்டம் தேவை, முதல் பெண்ணுக்கு நிறுத்தம் தேவை. ஒரே பயிற்சியை இருவருக்கும் கொடுப்பதில் பயனில்லை.

இந்தக் கணக்கையும் கண்ணை மூடி நம்பக்கூடாது. வேகமாக வருகிறவள் அதிக உந்தத்தோடு கோட்டுக்கு வருகிறாள், நிறுத்துவதற்கு அவளுக்கு அதிகம் இருக்கிறது. மெதுவாக ஓடி வருகிறவளின் வித்தியாசம் தானாகவே சிறிதாகத் தெரியும். ஆகவே இரண்டு எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். அதன் பிறகும் அவள் திரும்புவதைக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

*

எங்கே பார்ப்பது? ஊன்றித் திரும்பும் காலைப் பார்ப்பதுதான் எல்லாருக்கும் இயல்பு. நான் அதற்கு முந்தைய எட்டைப் பார்க்கிறேன்.

முழுத் திருப்பம் என்றால் ஒரு கணம் உடம்பின் வேகம் பூஜ்யம் ஆகியே தீர வேண்டும். அந்த நிறுத்தத்தைக் கடைசிக் கால் ஒன்றே செய்ய நேர்ந்தால் முழங்கால் மேல் மொத்தச் சுமையும் விழும். நன்றாகத் திரும்புகிறவர்கள் வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள். கடைசிக்கு முந்தைய எட்டில் குதிகால் முதலில் படும், முழங்கால் நன்றாக மடியும், இடுப்பு இறங்கும், பாதம் சற்றுக் கூடுதல் நேரம் தரையில் இருக்கும். அங்கேயே பாதி பிரேக் பிடித்தாகிவிடுகிறது. கடைசிக் காலுக்குத் திசை மாற்றும் வேலை மட்டும் மிஞ்சுகிறது. கோணம் சிறிதாக இருந்தால் இவ்வளவு பிரேக் தேவையில்லை. கோணம் கூடக் கூட வேகத்தை விட்டுக்கொடுத்தாக வேண்டும். இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள யாராலும் முடியாது.

நோர்வேயின் ஸ்டினே ப்ரேடால் ஓஃப்டேடால் ஆடிய பழைய ஆட்டங்களை அடிக்கடி போட்டுப் பார்ப்பேன். 2019-இல் உலகின் சிறந்த வீராங்கனையாகத் தேர்வானவர், 2024 பாரிஸ் ஒலிம்பிக் தங்கத்தோடு ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தன்னைவிட உயரமான, கனமான தடுப்பாட்டக்காரிகள் இருவருக்கு நடுவே புகுந்து போவார். எத்தனை வேகம் என்று வர்ணனையாளர்கள் சொல்வார்கள். வேகத்தைக் குறைத்து ஓட விட்டுப் பார்த்தால், அவர் எதிராளிக்கு முன்னால் எவ்வளவு சீக்கிரம் வேகத்தை இழக்கிறார் என்பதுதான் கண்ணில் படுகிறது. எதிராளி இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும்போது இவர் நின்று முடித்திருக்கிறார். அந்த நொடித்துண்டில்தான் வழி திறக்கிறது.

*

“மிஸ், போன தடவையைவிடக் குறைஞ்சிருக்கா?”

ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டே ஒவ்வொருத்தியும் இதைத்தான் கேட்கிறாள். குறைந்திருக்கிறதா என்று சொல்வதற்கு முன்னால் எனக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

கையால் அழுத்தும் ஸ்டாப்வாட்ச் மின்கண் கதவு காட்டுவதைவிடச் சுமார் 0.2 நொடி குறைத்துக் காட்டும். ஓட்டம் தொடங்கியதைப் பார்த்து விரல் அழுத்தத் தாமதமாகிறது, முடியும் இடத்தில் விரல் முந்திக்கொள்கிறது. அந்த 0.2 ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருந்தாலும் பரவாயில்லை, இருப்பதில்லை. மின்கண் கதவு இருந்தாலும், முதல் கதவுக்கு எவ்வளவு பின்னால் நிற்கிறாள், குனிந்து நிற்கும்போது கை கதவை வெட்டுகிறதா, தரையில் தூசி இருக்கிறதா, ஷூவின் அடி தேய்ந்திருக்கிறதா, இவையெல்லாம் எண்ணுக்குள் நுழைகின்றன. ஒரே பெண் அதே நாளில் மூன்று முறை ஓடினால் மூன்று நேரம் வரும்.

ஆகவே ஓட்டத்துக்கு ஓட்டம் இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு, அதே இடம், அதே நேரம், அதே ஷூ. அணிக்குள் நேரங்கள் எவ்வளவு விரிந்து கிடக்கின்றன என்று பார்த்து, அந்தத் திட்டவிலக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கவனிக்கத்தக்க மிகச் சிறிய மாற்றமாக எடுத்துக்கொள்வது ஆய்வாளர்களின் வழக்கம். டெஸ்ட்டின் சொந்தத் தடுமாற்றம் அதைவிடப் பெரியதாக இருந்தால், அந்த டெஸ்ட்டால் சின்ன முன்னேற்றத்தைக் காண முடியாது. 0.05 நொடி தானாகவே ஏறி இறங்குகிற அளவையை வைத்துக்கொண்டு, 0.03 குறைந்ததைச் சொல்லி ஒரு குழந்தையைச் சந்தோஷப்படுத்துவதும் தப்பு, 0.03 கூடியதைச் சொல்லி வாட வைப்பதும் தப்பு.

“பார்க்கலாம்மா, தண்ணி குடிச்சிட்டு இன்னொரு தடவை ஓடு” என்கிறேன்.

*

0.04 நொடி.

கோகாவும் நோர்வேயின் ஓஸ்லோ ஆய்வாளர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பெண்கள் ஹேண்ட்பாலிலும் கூடைப்பந்திலும் முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் கிழிந்த பத்துச் சம்பவங்களின் வீடியோக்களை எடுத்து, ஒவ்வொரு கோணத்தையும் மீட்டுருவாக்கிப் பார்த்தார்கள். பாதம் தரையைத் தொட்ட சுமார் 40 மில்லிநொடிக்குள் தசைநார் போயிருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்டது. நான் நோட்டில் எழுதலாமா வேண்டாமா என்று தயங்குகிற அதே அளவு நேரம்.

இதை முதலில் படித்த பிறகு வெகுநேரம் வேறு எதையும் படிக்க முடியவில்லை. மனித உடம்பு எதையும் உணர்ந்து திருத்திக்கொள்ள 40 மில்லிநொடி போதாது. கால் கீழே பட்ட பிறகு “முழங்காலை உள்ளே விழ விடாதே” என்று மூளை சொல்ல வழியே இல்லை. பாதம் எங்கே படப்போகிறது, முழங்கால் எவ்வளவு மடிந்திருக்கிறது, உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் கால் காற்றில் இருக்கும்போதே முடிவாகிவிட வேண்டும்.

ஓல்சனும் மற்றவர்களும் 2004-இல் ஹேண்ட்பாலில் நிகழ்ந்த இருபது காயங்களின் வீடியோவை ஆராய்ந்தார்கள். பன்னிரண்டு காயங்கள், காலை ஊன்றித் திசை மாற்றும்போது நிகழ்ந்தவை. நான்கு, எம்பி எறிந்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்கும்போது. முழங்கால் ஏறக்குறைய நேராக நீண்டிருக்க, உள்பக்கம் சரிந்து விழுகிறது. மோதலே இல்லாமல், தன் சொந்த ஃபெயின்ட்டிலேயே ஒரு பெண் ஓராண்டு ஆட்டத்தை இழக்கிறாள்.

நாம் டெஸ்ட் என்ற பெயரில் அளப்பது இதே அசைவைத்தான். கடிகாரத்தை மட்டும் பார்த்தால், முழங்காலை விறைப்பாக வைத்துக் கொண்டு காலை அகலமாக வீசி ஊன்றித் திரும்புகிறவள்கூட நல்ல நேரம் எடுத்துவிடுவாள். அப்படி வருகிற நல்ல நேரத்தைக் கைதட்டிப் பாராட்டினால், அவள் அந்தத் திருப்பத்தைப் பத்திரமாக மனதில் வைத்துக்கொள்வாள். அதனால்தான் என் பதிவேட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி வைத்திருக்கிறேன். அதில் எண் கிடையாது. முழங்கால் எங்கே போனது, பாதம் எந்தப் பக்கம் பார்த்தது, உடம்பு ஊன்றிய காலின் மேல் இருந்ததா விலகியிருந்ததா என்று எழுதுகிறேன். செல்போனில் எதிரே இருந்தும் பக்கத்தில் இருந்தும் எடுத்து, மெதுவாக ஓட விட்டுப் பார்த்துதான் எழுத முடிகிறது.

*

நோர்வேக்காரர்கள் பார்த்ததோடு விடவில்லை. கிரேதே மிக்லெபுஸ்தும் மற்றவர்களும் 1998 தொடங்கி மூன்று பருவங்களில் அந்த நாட்டுப் பெண்கள் ஹேண்ட்பாலின் மேல் மூன்று பிரிவுகளைப் பின்தொடர்ந்தார்கள். பயிற்சி எதுவும் புகுத்தாத முதல் பருவத்தில் 29 தசைநார்க் கிழிசல்கள். சமநிலை, ஊன்றித் திரும்புதல், குதித்து இறங்குதல் ஆகியவற்றுக்கான பயிற்சியைப் புகுத்திய அடுத்த பருவத்தில் 23, அதற்கடுத்ததில் 17. பயிற்சியை ஒழுங்காக முடித்தவர்களுக்குத்தான் உண்மையான பயன். பின்னாளில் கவனம் தளர்ந்தபோது எண்ணிக்கை மறுபடியும் ஏறியது என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

2005-இல் வந்த இன்னொரு ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கம். 120 கிளப்புகள், 15 முதல் 17 வயது வரையிலான 1837 இளையோர். பாதிப்பேருக்குச் சாதாரண வார்ம்-அப். மீதிப்பேருக்குப் பதினைந்து இருபது நிமிடத்துக்கு வடிவமைத்த வார்ம்-அப்: ஓட்டம், திருப்பம், தரையிறக்கம், ஆடும் பலகையில் சமநிலை, கால் வலு. இரண்டாவது கூட்டத்தில் முழங்கால், கணுக்கால் காயங்கள் ஏறக்குறையப் பாதியாகின. என் பெண்களில் பலரும் இதே வயதுதான். விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் செய்யக்கூடியது. இதற்கு நேரமில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

*

இதுவரை எழுதியதெல்லாம், எங்கே திரும்ப வேண்டும் என்பது முன்பே தெரிந்த திருப்பம். கோன் நகராது, ஏமாற்றாது.

ஷெப்பர்டும் வாரன் யங்கும் 2006-இல் அஜிலிட்டியை வரையறுத்தபோது, வெளியிலிருந்து வரும் ஒன்றுக்கு மறுமொழியாக உடம்பு முழுவதும் வேகத்தையோ திசையையோ மாற்றுவது என்றார்கள். அதன்படி டி-டெஸ்ட்டும் 505-உம் திசைமாற்ற வேகத்தை அளக்கின்றன, அவ்வளவே. அதே ஆண்டில் ஆஸ்திரேலியக் கால்பந்து வீரர்களிடம் செய்த ஒரு சோதனையில், எதிரே நிற்கும் மனிதர் நகர்வதைப் பார்த்துத் திரும்பச் சொன்னார்கள். உயர்நிலை வீரர்களுக்கும் கீழ்நிலை வீரர்களுக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் வெளிப்பட்டது. முன்பே தெரிந்த திருப்பத்தில் இரண்டு கூட்டமும் ஒன்றுபோலவே இருந்தன. 

குரோவேஷியாவின் ஸ்ப்ளிட் நகரத்தில் ஸ்பாசிச், செக்குலிச் முதலானோர் 2015-இல் ஹேண்ட்பாலுக்கென்றே இப்படியொரு டெஸ்ட் வடிவமைத்தார்கள். எந்தக் கோனுக்குள் விளக்கு எரிகிறதோ அங்கே ஓட வேண்டும், எது எரியும் என்று முன்கூட்டியே தெரியாது. விளக்கில் ஒரு நேர்மை இருக்கிறது, எல்லாருக்கும் ஒரே மாதிரி எரியும். ஆனால் விளக்குக்கு இடுப்பு கிடையாது, தோள் கிடையாது. அனுபவமுள்ள தடுப்பாட்டக்காரி எதிராளியின் கையிலிருக்கும் பந்தைப் பார்ப்பதில்லை. எடை எந்தக் காலுக்கு மாறுகிறது, பந்தோடு எடுக்க அனுமதியுள்ள மூன்று எட்டில் எத்தனை செலவாகிவிட்டது என்று பார்க்கிறாள். இரண்டு எட்டு போய்விட்டால் எதிராளிக்கு மிச்சம் ஒன்றுதான். எண்ணிக்கொண்டே மறிக்கிறாள். அந்தப் படிப்பை விளக்கு கேட்கவே கேட்காது.

நான் மனிதரையே நிறுத்துகிறேன். ஒருத்தி பந்தோடு ஒன்பது மீட்டர் கோட்டில், இன்னொருத்தி ஆறு மீட்டர் கோட்டில். பந்தோடு இருப்பவள் மூன்று எட்டுக்குள் இடமோ வலமோ போக வேண்டும். தடுப்பவள் முன்னேறி, அவள் போகிற பக்கத்தில் மார்பால் மறித்து நிற்க வேண்டும். சரியான பக்கமா, எத்தனை சீக்கிரம் புறப்பட்டாள், ஏமாந்த பிறகு எப்படி மீண்டாள் என்பதை வீடியோவில் பார்த்து எழுதுகிறேன். எதிராளி மாறினால் முடிவு மாறுகிறது. அதனால் ஒவ்வொருத்தியையும் பலருக்கு எதிரே நிறுத்த வேண்டும். துல்லியமான எண் கிடைக்காது, ஆட்டம் கிடைக்கும்.

பதற்றம் ஒன்று இருக்கிறது. பெசியரும் மற்றவர்களும் 2001-இல் காட்டியது: முன்பே தெரியாத திருப்பத்தில் முழங்காலைப் பக்கவாட்டிலும் சுழற்சியிலும் முறுக்கும் விசை, தெரிந்த திருப்பத்தைவிட இரண்டு மடங்கு வரை போகிறது. ஆகவே கோன் வைத்த திருப்பத்தில் முழங்கால் நிலைக்காத பெண்ணை இந்த டெஸ்ட்டுக்கு நான் அனுப்புவதில்லை. அவளுக்கு முதலில் நிற்கக் கற்றுத்தருகிறேன்.

*

தரையையும் எழுத வேண்டும். நோர்வேயில் செயற்கைத் தரையில் ஆடிய பெண்களுக்கு மரத்தரையைவிட முன்சிலுவைத் தசைநார்க் காயம் அதிகம் என்று 2003-இல் ஓல்சன் கண்டார். பாதத்தைத் தரை எவ்வளவு கவ்வுகிறது என்பதே காரணம் என்று கருதப்படுகிறது. எங்கள் ஊர்ப் பக்கம் பள்ளிப் பெண்கள் மண் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடுகிறார்கள், போட்டிக்குச் சிமெண்ட் தளத்துக்கோ உள்ளரங்கத்துக்கோ போகிறார்கள். மண்ணில் பாதம் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும், உள்ளரங்கில் அப்படியே பிடித்துக்கொள்ளும். மண்ணில் எடுத்த நேரத்தை அரங்கத்து நேரத்தோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. போட்டிக்கு முன்னால் அந்தத் தரையில் மெதுவாகத் திரும்பிப் பழக ஒரு மணி நேரமாவது கேட்டு வாங்க வேண்டும்.

*

எட்டாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்குள் சில பெண்கள் சட்டென்று உயர்ந்துவிடுகிறார்கள். கால் நீள்கிறது, எடை கூடுகிறது, புது நீளத்தை நிறுத்தும் வலு இன்னும் வரவில்லை. நேற்றுவரை லாவகமாகத் திரும்பியவள் தடுமாறுகிறாள். அவளுக்கே புரியாமல் அழுகிறாள். அந்த மாதத்தில் எடுத்த டைமிங்கை வைத்து அவளைத் தேர்வுப் பட்டியலிலிருந்து நீக்கக்கூடாது. உயரத்தையும் சேர்த்து எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு பார்க்கிறவருக்குக் காரணம் விளங்கும்.

*

கோல்கீப்பர் இந்த டெஸ்ட்டுகள் எதிலும் அடங்கவில்லை. மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரமுள்ள கோலில் நிற்கிறாள். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஆறு மீட்டரிலிருந்து எறிந்த பந்து கால் நொடிகூட எடுக்காமல் வந்துவிடும். பந்தைப் பார்த்து நகர நேரமில்லை. எறிகிறவளின் தோளையும் மணிக்கட்டையும் பார்த்து, பக்கவாட்டில் ஓரெட்டு வைத்து, கையையும் காலையும் ஒருசேர விரிக்க வேண்டும். 505-இல் கடைசியாக வருகிற பெண்தான் எங்கள் அணியின் சிறந்த கீப்பர். அவளை நடுவில் நிறுத்தி, இரண்டு கம்பங்களுக்கும் ஓரெட்டில் போய் மீள்வதை இரு பக்கமும் எடுக்கலாம். பிறகு விங்கிலிருந்தும் பேக்கிலிருந்தும் எறியச் சொல்லி, பந்து கையை விட்டுப் பிரிவதற்கு முன்பே அவள் எந்தப் பக்கம் எடை மாற்றினாள் என்று வீடியோவில் எண்ண வேண்டும். அடுத்த வாரம் தொடங்குகிறேன், அவளிடமும் சொல்லியாகிவிட்டது.